மாத்திரை தொடங்கிய தேதி

தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கார்பிமசோல் சாப்பிடத் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. படபடப்பு அடங்கிவிட்டது, கை நடுக்கம் நின்றுவிட்டது, ராத்திரி தூக்கம் வருகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு நாள் சாயங்காலம் தொண்டை கரகரக்கிறது. எச்சில் விழுங்கினால் வலி, லேசாக உடம்பு சுடுகிறது. யாரைக் கேட்டாலும் சளி என்பார்கள். பெரும்பாலும் சளியாகத்தான் இருக்கும். எப்போதாவது ஒருவருக்கு மட்டும், அதே நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணு துடைத்துவிட்டதுபோல் காணாமல் போயிருக்கும். முதல் அரை நாளில் இந்த இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. பிரித்துக் காட்டுவது ஒரு ரத்தப் பரிசோதனை. அதைச் செய்யத் தோன்றவைப்பது மாத்திரை தொடங்கிய தேதி.

மருந்தால் வரும் ரத்தக் கோளாறு என்றாலே "ரொம்ப அரிது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அரிதுதான். ஆனால் அந்த ஆபத்து வருஷம் முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நாள் கணக்கு உண்டு. கார்பிமசோலில் முதல் மூன்று மாதம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினில் 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை. மலேரியாவுக்கான பிரைமாகுவினில் இரண்டாம், மூன்றாம் நாள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினில் பல வருஷம். தேதி தெரிந்தால் எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்பது பாதி தெரிந்துவிடும். மருந்துப் பெட்டியின் மேல் பேனாவால் அந்தத் தேதியை எழுதிவைப்பவர்கள் குறைவு.

கார்பிமசோலையே இன்னும் கொஞ்சம் பார்ப்போம். அதைச் சாப்பிடுபவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு நியூட்ரோஃபில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், 500க்கும் கீழே போகும். நியூட்ரோஃபில்கள் ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாக உலவுவதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்க வேண்டும். மருந்தின் காரணமாக உடம்பே அவற்றையும் அவற்றின் தாய் அணுக்களையும் தாக்கத் தொடங்கினால், சில நாட்களிலேயே கையிருப்பு தீர்ந்துவிடும். "போன மாசம் ரத்தம் பார்த்தோமே, நன்றாகத்தான் இருந்தது" என்பது அதனால்தான் இங்கே செல்லாது. போன மாத அறிக்கை போன மாதத்துக்கு மட்டும்தான்.

ஆனாலும் மருந்து தொடங்கும் முன் எடுத்த அறிக்கை ஒன்று கையில் இருக்க வேண்டும். தைராய்டை அதிகமாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோயிலேயே, மருந்து எதுவும் இல்லாமல், நியூட்ரோஃபில் சிலருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஆப்பிரிக்க, அரேபிய வம்சாவளியினரில் பலருக்கு 1,000 முதல் 1,500 வரை இருப்பதே இயல்பு. அவர்கள் நோய் எதிர்ப்பில் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்கிறார்கள். தொடக்க எண் தெரியாவிட்டால் 1,300 என்று ஒரு அறிக்கை வரும்போது அது மருந்தின் வேலையா, அவர் உடம்பின் வழக்கமா என்று தெரியாமல் எல்லோரும் விழிக்க வேண்டியிருக்கும். நல்ல மருந்து ஒன்றை வீணாக நிறுத்துவதும் இப்படித்தான் நடக்கிறது.

அறிக்கையைப் படிக்கும் விதம்

ரத்த அணுக்களை எண்ணிச் சொல்லும் சிபிசி அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் போவது டோட்டல் கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை, உள்ள வரிக்கு. அங்கேதான் ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணம்: டோட்டல் கவுண்ட் 4,100. இயல்பு அளவு 4,000 முதல் 11,000 வரை என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். எண் தடித்த எழுத்தில் இல்லை, அம்புக்குறி இல்லை. நிம்மதியாகத் தாளை மடித்துவிடத் தோன்றும். நான்கைந்து வரி கீழே இறங்கினால் நியூட்ரோஃபில் 9 சதவீதம், வெள்ளை அணுவின் இன்னொரு வகையான லிம்போசைட் 82 சதவீதம் என்று இருக்கும். 4,100ஐ 9ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 369. இவர் இன்றிரவு வீட்டில் இருக்கக் கூடாது.

இன்னொரு அறிக்கை: டோட்டல் கவுண்ட் 2,900, சிவப்பு மையில் அம்புக்குறியோடு. நியூட்ரோஃபில் 68 சதவீதம். கணக்குப் போட்டால் 1,972. பயமுறுத்தும் தாள் இதுதான், ஆனால் ஆபத்தில் இருப்பவர் முதல் ஆள். பேண்ட் செல் (முழுதாக முதிராத நியூட்ரோஃபில்) என்று தனியாக ஒரு சதவீதம் கொடுத்திருந்தால் அதையும் நியூட்ரோஃபிலோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 1,500க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. 1,000க்குக் கீழே போனால் மருந்து கொடுத்தவரிடம் அன்றே பேச வேண்டும். 500க்குக் கீழே, காய்ச்சலும் இருந்தால், அவசர சிகிச்சைப் பிரிவு.

வெள்ளை அணுக்களை வகை பிரித்துச் சொல்லும் டிஃபரன்ஷியல் இல்லாமல் டோட்டல் கவுண்ட் மட்டும் எடுத்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கிற பிழை. ஆய்வகத்தில் கேட்கும்போதே "டிஃபரன்ஷியலோடு, இன்றைக்கே அறிக்கை வேண்டும்" என்று சொல்லிவிட வேண்டும். நாளை மறுநாள் கிடைக்கும் அறிக்கையால் இந்த விஷயத்தில் ஒரு பயனும் இல்லை.

அந்தச் சாயங்காலம் செய்ய வேண்டியது

முதலில் தெர்மாமீட்டர், அப்புறம்தான் பாராசிட்டமால். மாத்திரை போட்ட பிறகு அளந்தால் காய்ச்சல் மறைந்திருக்கும். மருத்துவமனையில் "காய்ச்சல் இல்லையே" என்று எழுதிவிடுவார்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் என்றால் அளந்த நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வேளை கார்பிமசோலைச் சாப்பிடாமல் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கப் போகலாம். ஒன்றிரண்டு வேளை விட்டுப்போனால் தைராய்டு ஒன்றும் எகிறிவிடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மறுபடி தொடரலாம்.

அவசரப் பிரிவில் சொல்லும் முதல் வாக்கியம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். "தொண்டை வலி, காய்ச்சல்" என்று சொன்னால் வரிசையின் கடைசியில் உட்கார வைத்து, ஆன்டிபயாடிக் ஒன்றை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாள் முழுக்கத் தொண்டை வலிகளையே பார்க்கிறவர்கள். "கார்பிமசோல் சாப்பிடுகிறேன், தொடங்கி ஐந்து வாரம், காய்ச்சல் 38.4, நியூட்ரோஃபில் பார்க்க வேண்டும்" என்று சொன்னால் கதையே வேறு. வாயில் புண், ஈறு வீக்கம், ஆசனவாயில் வலி, காரணம் தெரியாத குளிர் நடுக்கம் என்று ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த நிலையில் தொண்டையைப் பார்த்தால் எதிர்பார்க்கும் அளவுக்குச் சீழ் இருக்காது. சீழ் பிடிக்கக்கூட நியூட்ரோஃபில் வேண்டும், சீழே பெரும்பாலும் செத்த நியூட்ரோஃபில்தான். அதே காரணத்தால் நிமோனியா இருந்தும் மார்பு எக்ஸ்ரே சுத்தமாகத் தெரியலாம். "தொண்டை பெரிதாக ஒன்றுமில்லை, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது" என்ற ஆறுதலை எண்ணிக்கை வரும்வரை நம்பக் கூடாது.

எண்ணிக்கை குறைவு என்று உறுதியானால், கிருமியைக் கண்டுபிடிக்கக் காத்திருக்காமல், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியே பரந்த வீச்சுள்ள ஆன்டிபயாடிக் ஏற்றுவார்கள். மஜ்ஜையைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் ஊசியும் பல இடங்களில் போடுவார்கள். மருந்தை நிறுத்தியபின் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அணுக்கள் திரும்பி வந்துவிடும். அதுவரை ஆசனவாய் வழியே வெப்பம் பார்ப்பது, அந்த வழியாக மருந்து வைப்பது இரண்டும் கூடாது. சின்னக் கீறல் போதும், அங்கிருக்கும் கிருமி நேரே ரத்தத்துக்குள் போய்விடும்.

குணமானபின் வரும் தவறு ஒன்று உண்டு. கார்பிமசோல் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் புரோப்பைல்தயோயூராசிலுக்கு மாற்றலாம் என்று தோன்றும். தோல் அரிப்பு மாதிரி சின்னத் தொந்தரவு என்றால் மாற்றலாம். நியூட்ரோஃபில் விழுந்தவருக்கு அதையும் கொடுக்கக் கூடாது, இரண்டாவதும் அதையே செய்யக்கூடும். மெத்திமசோலும் வேறு மருந்தில்லை. கார்பிமசோல் உடம்புக்குள் போனதும் மெத்திமசோலாகத்தான் மாறுகிறது. அதன் பிறகு கதிரியக்க அயோடின் அல்லது அறுவை சிகிச்சை. நடுவில் படபடப்பைப் புரோப்ரனலால் போன்றவை தாங்கிக்கொள்ளும்.

இதே போக்கில் வெள்ளை அணுவை விழுங்கக்கூடிய இன்னும் சில: வலிக்கும் காய்ச்சலுக்கும் கொடுக்கும் மெட்டமிசோல், குடல் அழற்சிக்கான சல்ஃபாசலசின், தொழுநோய்க்கும் தோல் நோய்க்குமான டாப்சோன், இரும்புச்சத்தை வெளியேற்றும் டெஃபரிப்ரோன், மனநோய்க்கான குளோசபைன். மெட்டமிசோலில் ஒரு வஞ்சனை இருக்கிறது. அது காய்ச்சலைக் குறைக்கும் மருந்து. அதனால் வெள்ளை அணு போய் வரும் காய்ச்சலையும் அதுவே மூடிவைக்கும். காய்ச்சல் திரும்புகிறது, இன்னொரு மாத்திரை. மறுபடி திரும்புகிறது, இன்னொன்று. அமெரிக்கா 1977இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தது. வேறு பல நாடுகளில் இன்றும் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது.

குளோசபைனின் கதை வேறு மாதிரி. 1975இல் ஃபின்லாந்தில் அதைச் சாப்பிட்டவர்கள் சிலர் வெள்ளை அணு விழுந்து இறந்துபோக, மருந்து பல நாடுகளில் முடங்கியது. வேறு எதற்கும் கேட்காத மனச்சிதைவுக்கு அது மட்டுமே கேட்டதால், வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 1989இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் ஆறு மாதம் வாரம் ஒருமுறை, அடுத்த ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்ற கால அட்டவணை அப்படி வந்ததுதான். குடும்பத்தார் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: குளோசபைனைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சல் என்றால் அன்றே எண்ணிக்கை பார்த்து, மருத்துவர் சொன்ன பிறகே நிறுத்துவது. இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவை அப்படியே தொடர முடியாது, சிறிய அளவிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். அதே மருந்தில் கடும் மலச்சிக்கலும் உயிரை வாங்கும். அதற்கு யாரும் வாராந்திரச் சோதனை வைக்கவில்லை என்பது வேடிக்கைதான்.

பிளேட்லெட் விழும்போது

ரத்தத் தட்டணு, எல்லோரும் சொல்கிற பெயரில் பிளேட்லெட், மருந்தால் குறைவதில் பழைய குற்றவாளி மலேரியா மருந்தான குவினைன். இங்கே நடப்பது விசித்திரமான காரியம். ரத்தத்தில் ஓர் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) உருவாகிறது. அது பிளேட்லெட்டைச் சும்மா தொடுவதில்லை. மருந்து ரத்தத்தில் இருக்கும்போது மட்டும் ஒட்டிக்கொள்கிறது. மருந்து வெளியேறிவிட்டால் எதிர்ப்புரதம் இருந்தும் ஒன்றும் செய்யாது. ஆகவே முதல் முறை ஒரு வாரம்போலப் பிடிக்கும்; பல வருஷம் கழித்து மறுபடி அதே மருந்து உள்ளே போனால் சில மணி நேரத்தில் எண்ணிக்கை 20,000க்கும் கீழே சரிந்துவிடும். டானிக் வாட்டர் என்ற கசப்பு பானத்தில் இருக்கும் கொஞ்சம் குவினைனே இதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. "மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா" என்று கேட்டால் அதை யார் சொல்வார்கள்? குடித்ததையும் கேட்க வேண்டும்.

சல்ஃபா சேர்ந்த கோ-டிரைமாக்சசோல், வான்கோமைசின், விட்டுவிட்டுச் சாப்பிடும் ரிஃபாம்பிசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அடையாளம் காலில் தெரியும். கணுக்காலைச் சுற்றி குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள். ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் அழுத்திப் பார்த்தால் சாதாரணத் தடிப்பு வெளுக்கும், இது வெளுக்காது. கன்னத்தின் உட்புறத்தில் கருஞ்சிவப்புக் கொப்புளம் இருந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். தோலில் எத்தனை புள்ளி என்பதைவிட வாய்க்குள் ரத்தக் கொப்புளம் இருக்கிறதா என்பதுதான் அபாயத்தைச் சொல்லும். அந்த நேரத்தில் வலிக்கு ஆஸ்பிரினும் வேண்டாம், இபுப்ரோஃபெனும் வேண்டாம். தசையில் ஊசி போடவும் கூடாது.

சரியான மருந்தைப் பிடித்து நிறுத்திவிட்டால் ஒன்றிரண்டு நாளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கி, ஒரு வாரம்போல ஆனதும் பழைய நிலைக்கு வரும். அப்படி ஏறாவிட்டால் குற்றவாளி வேறு. மருந்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

ஒரு போலி அபாயமும் இருக்கிறது. ரத்தம் எடுக்கும் குழாயில் உறையாமல் இருக்க ஈடிடிஏ என்ற ரசாயனம் சேர்த்திருப்பார்கள். சிலருடைய பிளேட்லெட்கள் அதில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இயந்திரம் கட்டியை எண்ணத் தெரியாமல் 40,000 என்று அச்சடிக்கும். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாமல் இப்படி ஓர் எண் வந்தால், மருந்தை நிறுத்தும் முன் ஸ்மியரை, அதாவது கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை, நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். ஐந்து நிமிட வேலை.

ஹெப்பாரின் இதற்கெல்லாம் நேர்மாறு. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்து, பிளேட்லெட்டைக் குறைத்து, ரத்தத்தை உறையவைக்கிறது. ஹெப்பாரினும் பிளேட்லெட்டிலிருந்து வரும் ஒரு புரதமும் சேர்ந்த கலவைக்கு எதிர்ப்புரதம் உருவாகி, அது பிளேட்லெட்களைத் தூண்டிவிடுகிறது. அவை செலவழிவதால் எண்ணிக்கை விழுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் 3,20,000. எட்டாம் நாள் 1,40,000. அறிக்கையில் இது 1,50,000 என்ற கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழேதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பாதிக்கு மேல் விழுந்திருக்கிறது என்பதைப் பார்க்கப் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு ஒன்பதாம் நாள் ஒரு கால் மட்டும் வீங்கித் திரும்பி வருபவர்களும் உண்டு. அவரிடம் "ஆஸ்பத்திரியில் வயிற்றில் தினமும் ஊசி போட்டார்களா?" என்று கேட்காமல், கால் வீக்கத்துக்கு மறுபடி ஹெப்பாரினே ஏற்றிவிட்டால் எரியும் நெருப்பில் எண்ணெய்.

சந்தேகம் வந்தவுடன் எல்லா வடிவ ஹெப்பாரினையும் நிறுத்த வேண்டும். ஊசிக் குழாயைக் கழுவப் பயன்படுத்தும் சில சொட்டு ஹெப்பாரினும் இதில் சேர்த்தி. இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். நிறுத்தினால் மட்டும் போதாது, ஆர்கட்ரோபான், ஃபோண்டாபரினக்ஸ் போன்ற வேறொரு உறைதடுப்பு மருந்து உடனே தொடங்க வேண்டும். உறைதடுப்பு மாத்திரையான வார்ஃபரினைத் தனியாகத் தொடங்கினால் தோலும் விரல்களும் அழுகிப்போகும் அபாயம் உண்டு. பிளேட்லெட் 1,50,000 தாண்டும்வரை அது காத்திருக்க வேண்டும்.

சிவப்பு அணு உடையும்போது

சிவப்பு அணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருப்பவர்கள் உலகில் சுமார் 40 கோடிப் பேர். பெரும்பாலோருக்கு அது தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் வராது, பிரைமாகுவின், டாப்சோன், ராஸ்புரிகேஸ், நைட்ரோஃபுரன்டாயின் என்ற மருந்துகளில் ஒன்று உள்ளே போகும்வரை. இரண்டாம் மூன்றாம் நாள் சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்துக்கு மாறும், கண் மஞ்சளாகும், முதுகு வலிக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். மலேரியாவுக்குப் பிரைமாகுவின் சாப்பிடுபவரிடம் வேறு எதையும் விளக்க நேரமில்லை என்றால், "சிறுநீர் கறுத்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் வாருங்கள்" என்ற ஒரு வரியைச் சொல்லி அனுப்பினால் போதும்.

பரிசோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. அணுக்கள் உடைந்துகொண்டிருக்கும்போதே ஜி6பிடி அளவைப் பார்த்தால் இயல்பாக வரக்கூடும். நொதி குறைந்த கிழட்டு அணுக்கள் ஏற்கெனவே உடைந்துபோயிருக்கும். குழாயில் வருவது நொதி அதிகமுள்ள இளம் அணுக்கள். எனவே அந்த இயல்பு அறிக்கையை நம்பி மருந்தை மறுபடி தொடங்கக் கூடாது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பெண்களில் "குறைவு, குறைவில்லை" என்று மட்டும் சொல்லும் சோதனை பாதிக் குறைபாட்டைத் தவறவிடும். அளவைச் சொல்லும் சோதனை வேண்டும். மலேரியாவுக்கான இன்னொரு மருந்தான டஃபெனோகுவினுக்கு இது கட்டாயம். ஒரே வேளை மருந்து, வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். விழுங்கிய பிறகு நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நொதியின் செயல்பாடு 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் கொடுக்கலாம். பிரைமாகுவினை, நொதி குறைந்தவருக்கும், வாரம் ஒருமுறை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் என்று எட்டு வாரம் நெருங்கிய கண்காணிப்பில் கொடுக்க வழியிருக்கிறது.

செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசியால் வரும் அணுச்சிதைவு இன்னும் வேகமானது. ஏற்கெனவே அந்த ஊசி பல தடவை போட்டவர்களுக்கு, குறிப்பாகச் சிவப்பு அணு அரிவாள் வடிவமாகும் சிக்கிள் செல் நோயுள்ள குழந்தைகளுக்கு, மருந்து ஏறிய சில நிமிடங்களிலிருந்து மணி நேரங்களுக்குள் ஹீமோகுளோபின் சரிந்துவிடும். போன தடவை ஊசிக்குப் பிறகு முதுகு வலித்தது, சிறுநீர் சிவந்தது என்று தாய் சொன்னால் அந்த வார்த்தையை அலட்சியம் செய்யக் கூடாது.

தொண்டையை மரக்கவைக்கும் பென்சோகேயின் ஸ்ப்ரே, டாப்சோன் ஆகியவை அணுவை உடைக்காமலே ஹீமோகுளோபினைக் கெடுத்துவிடும். உதடு நீலம் பாரித்திருக்கும், ஆக்சிமீட்டர் 85ஐ ஒட்டி நிற்கும், ஆக்சிஜன் கொடுத்தாலும் அசையாது. எடுத்த ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தால் காற்றுப்பட்டும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே இருக்கும். மாற்றாகக் கொடுக்கும் மெத்திலீன் புளூ மருந்தை, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் நரம்பில் மெதுவாகக் கொடுத்தால் சீக்கிரமே நிறம் திரும்பும். அதையும் ஜி6பிடி குறைந்தவருக்குக் கொடுத்தால் அணு உடையும்.

வாரம் ஒருநாள் மாத்திரை

இதுவரை சொன்னவை பெரும்பாலும் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதவை. மெத்தோட்ரெக்சேட் அப்படியில்லை. மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் இந்த மருந்தால் மஜ்ஜை முடங்கும் சம்பவங்களில் பல, முழுக்கத் தவிர்த்திருக்கக் கூடியவை. வாரத்துக்கு ஒரே ஒரு நாள், 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை. இதைத் தினமும் சாப்பிட்டுவிடுகிறார்கள். சீட்டைப் படிப்பவர் "வாரம்" என்ற சொல்லைத் தவறவிடுகிறார். வீட்டில் மாத்திரைப் பெட்டியை நிரப்புபவர் ஏழு அறையிலும் போட்டுவிடுகிறார். தினம் சாப்பிட வேண்டிய ஃபோலிக் ஆசிடும் இதுவும் பல தயாரிப்புகளில் ஒரே மாதிரி மஞ்சள் நிறச் சின்ன மாத்திரை. ஒரு வாரம் தினமும் போனாலே போதும், வாய் முழுக்கப் புண், பிறகு மூன்று வகை அணுக்களும் சேர்ந்து விழும்.

அதனால் கிழமையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். "வாரம் ஒருமுறை" என்பதைவிட "புதன்கிழமை மட்டும்" என்பது பாதுகாப்பு. 2.5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை மட்டுமே வீட்டில் வைத்திருப்பது நல்லது. 10 மில்லிகிராம் மாத்திரையும் கலந்திருந்தால் ஆறு மாத்திரை என்பது 15 மில்லிகிராமா 60 மில்லிகிராமா என்ற கேள்வி வந்துவிடும். மாத்திரை போட்ட நாளைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு, அந்த அட்டையை மற்ற மருந்துகளிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

அளவு சரியாக இருந்தும் மோசம் போகும் இடம் ஒன்று: சிறுநீர்த் தொற்றுக்குக் கோ-டிரைமாக்சசோல். இரண்டுமே ஃபோலேட்டைத் தடுக்கும் மருந்துகள். போதாததற்கு மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியே வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். தொற்றுக்கு எழுதுபவருக்கு மூட்டு மருத்துவர் எழுதியது தெரியாது. வயிற்றுப்போக்கு, வாந்தி வந்து உடம்பில் நீர் வற்றினாலும் சிறுநீரகம் சோர்ந்து மருந்து தேங்கும். அந்த வாரம் மாத்திரையை விட்டுவிட்டு மருத்துவரிடம் கேட்பது நல்லது. மிகுந்துபோனால் முறிமருந்து ஃபோலினிக் ஆசிட். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் ஃபோலிக் ஆசிட் இந்த வேலையைச் செய்யாது. மெத்தோட்ரெக்சேட் அடைத்துவைத்த நொதியைத் தாண்டித்தான் ஃபோலிக் ஆசிட் பயன்பட முடியும். ஃபோலினிக் ஆசிட் அந்த அடைப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

அசாத்தியோபிரினும் அலோபியூரினாலும் சேருவதும் இதே ஜாதி. முன்னதை உடம்பு வெளியேற்றும் பாதைகளில் ஒன்றைப் பின்னது அடைத்துவிடும். குடலுக்கு ஒருவர், மூட்டில் யூரிக் ஆசிடுக்கு இன்னொருவர் என்று எழுதும்போது இது நடக்கிறது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால் அசாத்தியோபிரின் கால் பங்காகக் குறைய வேண்டும், ரத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். ஃபெபுக்சோஸ்டாட்டுக்கு மாறினால் தப்பலாம் என்று நினைப்பது தவறு, அதுவும் அதே பாதையைத்தான் அடைக்கும். அசாத்தியோபிரினைச் செயலிழக்கவைக்கும் டிபிஎம்டி என்ற நொதி முற்றிலும் இல்லாதவர்கள் சுமார் முந்நூறில் ஒருவர். ஆசியர்களில் என்யூடிடி15 என்ற மரபணு வேறுபாடு இதைவிட முக்கியம். மருந்து தொடங்கும் முன் இவற்றைப் பார்த்துவிட்டால், முழு அளவில் தொடங்கி மூன்றாம் வாரம் வெள்ளை அணுவைத் தேடும் நிலை வராது.

மெதுவாக வருபவை பற்றிச் சுருக்கமாக. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் பி12ஐக் குறைக்கும். கால் மரத்துப்போவதைச் சர்க்கரை நோயின்மேல் போட்டுவிடுவார்கள். லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக் இரண்டு வாரம் தாண்டினால் வாராவாரம் சிபிசி. வால்ப்ரோயேட் அளவு ஏற ஏறப் பிளேட்லெட் இறங்கும். வலிப்பு மருந்து என்பதால் திடீரென்று நிறுத்தக் கூடாது, அளவைக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகும். குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கின் மஜ்ஜை வறட்சி மட்டும் மருந்தை நிறுத்தி வாரங்கள், மாதங்கள் கழிந்த பின்னும் தலைகாட்டும். ஆகவே நோயாளியிடம் மருந்து விவரம் கேட்கும்போது "இப்போது" என்பதோடு நிறுத்தாமல் ஆறு மாதம் பின்னால் போக வேண்டும்.

இப்படி ஒன்று வந்து பிழைத்தவர் கையில் ஓர் அட்டை இருக்க வேண்டும். அதில் மருந்தின் கம்பெனிப் பெயரை எழுதிப் பயனில்லை, மூலப்பெயரை எழுத வேண்டும். ஒரே மருந்து பல பெயர்களில் வரும். அளவு, தொடங்கிய தேதி, அறிகுறி வந்த தேதி, எண்ணிக்கை எந்த அளவுக்கு இறங்கியது, எப்போது திரும்பியது. "சல்ஃபா அலர்ஜி" என்று மட்டும் எழுதிய அட்டைகள் நிறையக் கண்ணில் படும். தோலில் தடிப்பு வந்ததா, பிளேட்லெட் 8,000க்குப் போனதா என்று அதிலிருந்து தெரியாது. முதலாவது என்றால் வேறு வழியில்லாதபோது ஒருவர் துணிந்து கொடுத்துப் பார்க்கலாம், இரண்டாவது என்றால் ஒரு மாத்திரைகூடக் கூடாது. "கோ-டிரைமாக்சசோல், ஏழாம் நாள், பிளேட்லெட் 8,000, நிறுத்திய ஆறாம் நாள் 1,60,000, மறுபடி கொடுக்கக் கூடாது" என்று எழுதினால் நள்ளிரவில் மயக்கத்தில் இருப்பவருக்காகக்கூட அந்த அட்டை பேசும்.